ஒன்றாம் நம்பர் குப்பி

“இந்தக் கோடு வரைக்கும் துப்புங்க சார். நுரை கணக்குல வராது,” என்று ஆராய்ச்சி மையத்து ஸ்வர்ணா இரண்டு குப்பிகளை நீட்டினாள்.

“டெஸ்ட் பொண்ணுக்குத்தானே? நான் எதுக்கு?” என்றார் ரெமிஜியஸ்.

“ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சினை, இருக்கிற டீன்ஏஜ் பசங்க எச்சில்ல ஏதாவது அடையாளம் கிடைக்குதான்னு தேடறோம். கூட அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் சாம்பிளும் வேணும். அப்புறம் ஆஞ்சலாவுக்குக் கம்ப்யூட்டர்ல சில விளையாட்டு. முன்கூட்டி யோசிக்கிறது, திட்டம் போடறது, இதெல்லாம் எப்படின்னு பாக்க.”

“அது ரெண்டும் இவகிட்ட கிடையாது மேடம். நேத்து ஸ்கூலுக்குப் பையே இல்லாம போய்ட்டா.”

பத்தாம் வகுப்பு ஆஞ்சலா சிரித்தாள். இருவரும் துப்பி முடித்ததும், குப்பிகளை அவளே மேசைக்குக் கொண்டுபோய் ஸ்வர்ணா கொடுத்த ஸ்டிக்கர்களை ஒட்டினாள். ஒன்றாம் நம்பர் பிள்ளைக்கு, இரண்டாம் நம்பர் பெற்றோருக்கு. பிறகு ஸ்வர்ணாவோடு உள்ளறைக்குப் போனாள்.

ரெமிஜியஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ‘கவலைப்படாதே, எல்லாம் நார்மல்னுதான் வரும், டாடி பாத்துக்கறேன்’ என்று வரும் வழியெல்லாம் மகளுக்குச் சொல்லியிருந்தார். ஏடாகூடமாக ஏதாவது வந்துவிட்டால்? நாளைக்குக் காலேஜ், கல்யாணம் என்று எவ்வளவு இருக்கிறது.

சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்துபோய், ஸ்டிக்கர்களை நகத்தால் உரித்து மாற்றி ஒட்டினார். திரும்பி வந்து, மின்விசிறியைப் பார்த்தபடி ஒரு ஜெபம் சொன்னார்.

வெளியே வந்த ஆஞ்சலா போகிற போக்கில் மேசையை ஒரு பார்வை பார்த்தாள்.

ஈஜிபுராவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில்தான் வாய் திறந்தாள்.

“டாடி, மிஸ் என்னைத் திமிர்னு சொல்றாங்க. மம்மி சோம்பேறின்னு சொல்றாங்க. என் எச்சில வச்சு இவங்க காரணத்தக் கண்டுபிடிச்சா, அப்புறம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்கள்ல?”

ரெமிஜியஸ் டிரைவரின் தோளைத் தட்டினார். “அண்ணா, ஸ்வல்ப வாபஸ் திருகிஸி,” என்று கன்னடத்தில் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

“எதுக்கு டாடி திரும்பிப் போகணும்?”

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. அந்த ஸ்டிக்கர மாத்தி ஒட்டிட்டேன்.”

“தெரியும். வண்டிய நேரா விடச் சொல்லுங்க,” என்றாள் ஆஞ்சலா. “நீங்க அப்படித்தான் பண்ணுவீங்கன்னு, நான் ஒட்டும்போதே மாத்தித்தான் ஒட்டினேன்.”