அமைதிக் காப்பு

ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் பதற்றத்திலேயே வெந்துபோகிறார்கள் என்று அரசு ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது. அந்த அம்மாக்களின் கையில் ஆளுக்கொரு அமைதிக் காப்பை மாட்டிவிட்டார்கள். நாடித்துடிப்பு கொஞ்சம் ஏறினால் போதும், காப்பிலிருந்து ஒரு தேன்குரல் பேச ஆரம்பித்துவிடும். பதில் சொல்லாமல் விடாது. கழற்றினால் பிள்ளையின் பயிற்சி வகுப்பு ரத்து.

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வயது யாழிசை ஒரு காலில் ஷூவைப் போட்டுக்கொண்டு, மற்றதை ஜன்னல் கம்பியில் கட்டி ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சாமி, அந்த ஷூவயும் போட்டுக்க கண்ணு" என்று அவள் அம்மா வனிதாமணி குனிந்ததும் காப்பு பேசியது.

"வணக்கம். பதற்றமாக இருக்கிறீர்கள். கண்களை மூடி, ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்."

"வேன் நிக்குதுங்க!"

"அருமை. கடற்கரையில் வேன் நிற்கிறது. வேறு என்ன தெரிகிறது?"

"அடுப்புல தோசை கருகுதுங்க!"

"ஆழமாக மூச்சை இழுத்து, அந்த மணத்தை அனுபவியுங்கள்."

கவனம் நிலைக்காத பிள்ளை என்று சான்றிதழ் வாங்கியிருந்த யாழிசைதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அதற்குள் வேன் போய்விட்டது.

"இப்போது உங்கள் பதற்றம் பத்துக்கு எத்தனை?" என்றது காப்பு.

வனிதாமணி வாயைத் திறக்குமுன் யாழிசை அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"நீங்க பேசுனா ஒம்பதுங்க. நிறுத்துனா ரெண்டு."

காப்பு ஒரு நொடி யோசித்தது.

"நன்றி. ஒன்பது என்று பதிவாகிவிட்டது. இனி நாடித்துடிப்பு ஏறாவிட்டாலும் மணிக்கொரு முறை பேசுகிறோம்."