நேராகப் பார்க்கும் படம்

டாக்டர் ஆல்பத்தின் ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டார். போட்டோ ஸ்டூடியோக்காரன் எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தான்.

மகளின் முதல் பிறந்தநாள் படம். கேமராவை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பன் கண் அப்படியே என்று சொல்லாத உறவு பாக்கியில்லை. அவனும் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டியிருக்கிறான்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. அறை மூலையில் பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு ஒரே ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் நான்கு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

இதைத்தான் மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்த்துச் சிரிப்பதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்று. ஒவ்வொரு தடவையும் அவன் சுவரில் மாட்டியிருந்த இதே படத்தைக் காட்டி, உனக்கு வேறு வேலையில்லை என்று அவள் வாயை அடைத்தான்.

"ஆட்டிசமா இருக்கலாம்னு தோணுது. ஆனா ஒரு வயசுல நல்லாப் பாத்திருக்காளே. அதுக்கப்புறம் மாறினதா?" என்றார் டாக்டர்.

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பதான் டாக்டர் நான் மறுபடி வேலைக்குப் போனேன். நான்தான் காரணமா?"

படம் எடுக்கும்போது குழந்தை கண்ணை மூடிவிட்டால், அதே குழந்தையின் இன்னொரு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து ஒட்டுவது ஸ்டூடியோக்களில் சாதாரணம். கிலுகிலுப்பையை ஆட்டினால் எப்பேர்ப்பட்ட வாலுப் பிள்ளையும் ஒரு தடவையாவது கேமராவைப் பார்த்துவிடும்.

மகளின் பிறந்தநாளன்று அவன் கை வலிக்க ஆட்டினான். நூற்று நாற்பது படம் எடுத்தான். பட்டப்பகலில் கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்றில்கூட அவள் பார்க்கவில்லை.

அன்றைக்கே அவனுக்குத் தெரியும்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். அவனுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"அது இவ கண்ணு இல்ல டாக்டர். அன்னிக்குப் படம் எடுக்க வந்த வேற ஒரு குழந்தையோடது."

விம்மல் நின்றது. மனைவி தன் பக்கம் திரும்பியது அவனுக்குத் தெரிந்தது. அவன் ஆல்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.