சந்தா முடிகிற நாள்

"இன்னைக்கும் எழுதியிருக்கார், அண்ணா" என்று அவள் போனை நீட்டினாள்.

அவள் கணவரின் தொழில் கூட்டாளி அதை வாங்கவில்லை. ஐந்து மாடி படியேறி வந்ததில் மூச்சு இன்னும் அடங்கவில்லை. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவர்தான் அதன் பக்கமே திரும்பாமல் வந்திருந்தார்.

"யாரும்மா எழுதினது?"

"உங்க சிநேகிதர்தான். வேற யாரு?"

சிநேகிதர் இறந்து அன்றோடு பத்தொன்பது நாள். பத்து வருஷம் இருவரும் ஜோடியாக லிஃப்ட் பழுது பார்த்தவர்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவர் என்பதால் வேலை இடத்தில் சிநேகிதருக்குக் 'கமுக்கம்' என்றே பெயர்.

வீட்டிலும் அதே கதைதான். "பேசத்தான் மாட்டேங்கறீங்க, எழுதவாவது செய்யுங்க" என்று கல்யாண நாளுக்கு ஒரு டைரி ஆப்புக்கு வருஷச் சந்தா கட்டிக் கொடுத்தவள் அவள்தான். அதில் அவர் எழுதுவதெல்லாம் அவள் போனிலும் வரும்.

திரையில் அன்றைய தேதியில் நாலே வரி. 'எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். ஆறு லிஃப்ட் பார்த்தேன். எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேசினேன்.'

கூட்டாளி அதை இரண்டு தடவை படித்தார். கமுக்கத்தின் நடைதான். ஒரு சொல் கூடுதலாகச் செலவழிக்காத மனுஷன்.

"தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டிங்குன்னு வந்துடுது. முதல் நாள் பயத்துல போனையே கீழே போட்டுட்டேன். இப்ப அஞ்சே முக்காலுக்கே கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்துடறேன். அவர் உயிரோட இருந்தப்பகூட இப்படிக் காத்திருந்ததில்ல."

"இதுக்குத்தான் வரச் சொன்னியா?"

"சந்தா இன்னையோட முடியுது. கட்டலைன்னா டைரி பூட்டிக்கும். செத்தவருக்கு எதுக்குடி சந்தா, காசைக் கரியாக்காதேங்கறா அக்கா. நீங்க சொல்லுங்க, கட்டவா வேண்டாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் அண்ணா. அன்னைக்கு நிஜமாவே அஜாக்கிரதையா இருந்தாரா? என்னைக்காவது ஒருநாள் அதை எழுதிட மாட்டாரா?"

அன்று லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கமுக்கம் வேலை பார்த்தபோது பெட்டி திடீரென்று நகர்ந்ததில் அவர் நசுங்கி இறந்துபோனார். பிரேக் உடைந்து கிடந்தது. அதற்கு முன்பே உடைந்ததா, அந்த அதிர்ச்சியில் உடைந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் மோட்டார் அறையில் தொங்கிய தினசரிச் சோதனை ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். அன்றைய தேதியில் 'காலை ஒன்பது மணி, பிரேக் சரி' என்று எழுதிக் கூட்டாளி கையெழுத்துப் போட்டிருந்தார். அப்படியென்றால் கூரைமேல் நின்றவர்தான் தப்பான சுவிட்சை அழுத்தியிருக்க வேண்டும் என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

கூட்டாளி மறுபடியும் அந்த நாலு வரியைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி முகம் தெளிந்தது.

"அட, பேயுமில்ல பிசாசுமில்ல! நீயா பயந்து, என்னையும் பயமுறுத்திட்டியே. இப்படிக் கொடு."

அவர் அந்தப் பதிவை அழுத்திப் பிடித்தார். கீழே ஒரு சின்ன வரி எட்டிப்பார்த்தது. 'எழுதிய நாள்: முதல் தேதி.' நேற்றைய பதிவுக்கும் முதல் தேதி. முந்தாநாள் பதிவுக்கும் முதல் தேதி.

"பார்த்தியா? மாசம் பூராத்துக்கும் ஒரே நாள்ல எழுதித் தள்ளியிருக்கான். அந்தந்தத் தேதியில அதுவா வெளியே வருது. சந்தா கட்டினா இந்த வசதியெல்லாம் இருக்குடான்னு என்கிட்டகூடக் காட்டிச் சிரிச்சான். நான்தான் மறந்துட்டேன்."

அவள் போனை வாங்கி ஒவ்வொரு பதிவாக அழுத்திப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப... மனைவியிடம் பேசினேன்னு எழுதினாரே, அது?"

"அதுவும் அப்படித்தான்மா. முன்கூட்டியே எழுதி வச்சது."

அவள் அழுதாள். பத்தொன்பது நாளாகப் பிடித்து வைத்திருந்தவரை மறுபடியும் பறிகொடுத்தது தாங்க முடியாத வேதனையாக இருந்தது. சந்தாவைக் கட்டினாலும் இனி அவரிடமிருந்து எந்தப் பதிலும் வரப்போவதில்லை.

கூட்டாளிக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தேற்ற வேண்டுமே என்று வேகவேகமாகப் பேசினார்.

"உன்னை ஏமாத்தணும்னு செய்யலம்மா. வேலையில எமகாதகன், ஒரு ஸ்க்ரூவை நாலு தடவை திருகிப் பார்ப்பான். எழுதறதுன்னாதான் வேப்பங்காய். எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான். ரிஜிஸ்டரை யாரு தினம் எழுதறாங்க? திங்கட்கிழமை ஒரு டீயைக் குடிச்சுக்கிட்டே வாரம் பூராத்துக்கும் சரி, சரி, சரின்னு போட்டுக் கையெழுத்தும் போட்டு வச்சுடுவோம். பழக்கதோஷம். அதான் வீட்டு டைரிலயும் கை தானா ஓடியிருக்கு."

அவள் அழுகை நின்றிருந்தது.

"இதுக்குப் போய்க் காசைக் கட்டாதே. அக்கா சொல்றதுதான் சரி. டைரியைப் பூட்டட்டும், விட்டுடு" என்று எழுந்துகொண்டார் கூட்டாளி.

அவள் எழுந்திருக்கவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணா, அன்னைக்கு பிரேக்கை நீங்க பார்த்தீங்களா?"