புள்ளி எட்டு தடவை

"ஒத்துக்கோ. உன் பின்னம் தோத்துப் போச்சு!"

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கணவன் சிரித்தான். கையில் ஒரு பெரிய பை. அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை.

உள்ளே, தனிமை வார்டில் மிச்சமிருந்த ஒரே நோயாளியான அவன் மனைவி, காய்ந்த பொருக்குகளைச் சொறிந்துவிடாமல் இருக்கக் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"மணி இன்னும் ஆறாகல."

இருவருக்கும் ஒரே அலுவலகம். தொற்று நோய் எப்படிப் பரவும், எப்போது ஓயும் என்று கணக்குப் போடுவதுதான் வேலை. ஊரில் சின்னம்மை கிளம்பியபோது அவன் வழக்கமான நுண்கணிதத்தில் சமன்பாடு எழுதி, போன வாரத்தோடு நோய் ஓய்ந்துவிடும் என்றான். அவள், முழு எண்ணுக்குப் பதில் பின்ன எண் தடவை வகையிடும் பின்ன நுண்கணிதத்தில் எழுதி, இந்த வாரமும் புதிதாக ஒருவருக்காவது வரும் என்றாள். விவரம் சேகரிக்கப் போன இடத்தில், இரண்டு வாரத்துக்கு முன், அவளுக்கே ஒட்டிக்கொண்டது.

எது பலிக்கிறதோ அதை வைத்துக்கொள்வோம், மற்றதை மூட்டை கட்டுங்கள் என்று அலுவலகத் தலைவர் சொல்லிவிட்டார். வாரம் இன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அவளுடைய பல வருட உழைப்பும்தான்.

"ஒரு தடவை வகையிடலாம், ரெண்டு தடவை வகையிடலாம். அதென்ன புள்ளி எட்டு தடவை? புள்ளி எட்டு தடவை கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி!"

"அதான் பண்ணித் தொலைச்சிருக்கேனே. முழுசா ஆன மாதிரியா இருக்கு?"

மூலையில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன் சமன்பாட்டுக்கு இன்னைக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். என்னோடது முந்தாநாள், போன வாரம், அதுக்கு முன்னாடின்னு எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும். பழசு இன்னும் எங்கயோ பதுங்கி இருக்கும்டா. கல்யாண நாளையே மறந்தவனுக்கு எங்க புரியப்போவுது?"

"சரி, எங்க பதுங்கி இருக்கு? யாருக்கு வரும்? ஆபீஸ்ல மத்த எல்லாரும் ஊசி போட்டாச்சு. எனக்குத்தான் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிடுச்சு. என் பேரை நானே 'குணமானவர்' பட்டியல்ல சேர்த்தேன், ஞாபகம் இருக்கா?"

"பெருமை வேற."

தொலைபேசியில் விசாரித்துவிட்டு நர்ஸ் திரும்பினாள். அவள் முகத்திலேயே பதில் இருந்தது.

"எந்த ஆஸ்பத்திரிலயும் புதுசா யாரும் வரல மேடம். இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

 மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"போகட்டும். நல்லதுதானே, யாருக்கும் வராம இருந்தா. நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்தப் பையைக் குடுத்தனுப்பு, துணிய எடுத்து வைக்கறேன்."

"நானே கொண்டு வரேன்."

"டேய், உள்ள வராத!"

அவன் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். பக்கத்துக் கட்டிலில் பையைக் கவிழ்த்தான். அவனுடைய ரேசர், அவனுடைய டூத் பிரஷ், அவனுடைய பழைய பனியன்கள்.

"நர்ஸம்மா, ஆறு மணிக்குள்ள என் பேரைப் பதிஞ்சுக்குங்க" என்று காதுவரை சிரித்தபடி சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கை வரை புத்தம் புதுக் கொப்புளங்கள்.

"காலையில எங்கம்மாவுக்கு போன் போட்டேன். சின்ன வயசுல எனக்கு வந்தது வெறும் வேர்க்குருவாம்."