அட்லஸ் சாருக்கு ஒரு சிபாரிசு

பிரின்சிபால் அறைக் கதவில் காதை ஒட்டியபடி நின்றுகொண்டிருந்தார் அட்லஸ். கையில் ஒரு பைல். யாராவது வந்தால் புரட்டுவதற்கு.

புவியியல் ஆசிரியரான அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் பிள்ளைகள். பல தேசத்துப் பிள்ளைகள் படிக்கும் பன்னாட்டுப் பள்ளி அது. வாத்தியாருக்குப் பெயர் வைப்பதில் மட்டும் எல்லா தேசமும் ஒன்று.

கடல் தாண்டி இன்னொரு நாட்டுப் பள்ளியில் அட்லஸுக்கு வேலை முக்கால்வாசி உறுதி. அந்தப் பள்ளியின் பிரின்சிபால் இந்தப் பள்ளி பிரின்சிபாலுக்கு போன் போட்டு, "ஆள் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்பதுதான் பாக்கி. பன்னாட்டுப் பள்ளிகளில் அதுதான் வழக்கம். அந்த ஒரு வார்த்தை கோணலாகிவிட்டால் எல்லாம் கெட்டது.

மனைவி பாதிப் பெட்டி கட்டிவிட்டாள். அவளுடைய அக்கா அந்த ஊரில்தான் இருக்கிறாள். இங்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"என்ன சார், ஒட்டுக் கேக்கறீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. கணக்கு டீச்சர். அவர் பின்னால் இரண்டு பிள்ளைகள், நோட்டைத் திறந்து பிடித்தபடி.

"மெதுவாப் பேசுங்க மேடம். எனக்கான போன் வர்ற நேரம்."

"போன வருஷம் நானும் இதே கதவுலதான் காதை வச்சேன். எனக்கும் அதே ஸ்கூல்தான்."

"அப்புறம் ஏன் போகலை?"

"'சுமாராத்தான் நடத்துவாங்க, கொஞ்சம் முன்கோபி வேற'ன்னு சொல்லிட்டாரு நம்ம ஆளு. அவங்க வேண்டாம்னுட்டாங்க."

அட்லஸ் உச்சுக்கொட்டினார். பாவம், நல்ல டீச்சர்தான். லீவு போட்டால் பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் மேலதிகாரி மனசில் இடம்பிடிக்க ஒரு கொடுப்பினை வேண்டுமே.

"உங்களைப் பத்தி நல்லாச் சொல்லட்டும் சார். நாங்க எல்லாருமே வேண்டிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார் டீச்சர்.

உள்ளே மணி அடித்தது.

"டேய், எப்படிடா இருக்கே?" என்றார் பிரின்சிபால். இரண்டு பிரின்சிபால்களும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். "யாரு, எங்க ஜியாகரபி சாரா? தங்கம்டா!"

அட்லஸ் காதை இன்னும் அழுத்தினார்.

"கிளாஸ்ல ஒரு சத்தம் கேக்காது. வெளியே நின்னா ஆளில்லாத ரூம் மாதிரி இருக்கும்... லீவா? மூச்! நானே 'ரெண்டு நாள் எடுத்துக்குங்க சார்'னு கெஞ்சியிருக்கேன்... பேரன்ட்ஸா? தினம் ஒருத்தராவது என் ரூமுக்கு வந்து இவரைப் பத்தித்தான் பேசிட்டுப் போறாங்க... அறிவா? ஒரு பையன், 'எங்க ஊர்ல வீட்டுக்குப் பின்னாடியே ஆறு ஓடுது'ன்னான். 'மேப்ல இல்லை, உட்காரு'ன்னாரு. பையன் கண்ணுல தண்ணி வந்துடுச்சுடா!"

அட்லஸுக்கும் வந்தது. அந்தப் பையன் இவ்வளவு நெகிழ்ந்துபோனது அவருக்கு இன்றுதான் தெரியும்.

"விட எனக்கு மனசே இல்லை. உனக்காகத்தான் விட்டுத் தர்றேன்" என்று முடித்தார் பிரின்சிபால்.

அட்லஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். இப்படி ஒரு மனுஷனை விட்டுவிட்டா போவது? செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"பெட்டியைப் பிரிச்சிடு."

"ஐயையோ, வேலை கிடைக்கலையா?"

"கிடைச்சிடுச்சு. அதான் பிரிக்கச் சொல்றேன்."

"உங்களுக்கு வெயில் ஏதும் பட்டுடுச்சாங்க?"

"கல்யாணம் ஆன நாள்லருந்து நீ சொல்லாத நாலு நல்ல வார்த்தையை ஒருத்தர் சொல்லியிருக்கார். அவரை விட்டுட்டு நான் வரமாட்டேன்."

"எங்க அக்காகிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

அட்லஸ் போனை வைத்துவிட்டார்.

நேராக ஆபீசுக்குப் போனார். ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினார். "நல்லா யோசிச்சீங்களா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள் கிளார்க் பெண். இரண்டு தடவையும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு பிரின்சிபால் அறைக்குள் நுழைந்தார்.

"சார், நான் எங்கேயும் போகலை. இன்னும் ரெண்டு வருஷம் உங்ககூடத்தான். கையெழுத்தும் போட்டாச்சு."

பிரின்சிபால் எழுந்து நின்றார். அப்புறம் உட்கார்ந்தார்.

"அங்கே... சம்பளம் அதிகம்னு சொன்னாங்களே சார்?"

"சம்பளம் எங்கே வேணா கிடைக்கும் சார். உங்களை மாதிரி மனுஷர் கிடைப்பாரா?"

"வீட்ல அவங்களுக்கு அக்கா ஊராச்சே. வருத்தப்பட மாட்டாங்களா?"

"பெட்டியையே பிரிக்கச் சொல்லிட்டேன் சார்."

பிரின்சிபால் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் சிலருக்கு இப்படி வாயடைத்துப் போகும் என்று அட்லஸுக்குத் தெரியும். மேலும் சங்கடப்படுத்தாமல், கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

பழக்க தோஷம். காது தானாகப் போய்க் கதவில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே பிரின்சிபால் அவசர அவசரமாக எண்களை அழுத்துகிற சத்தம். பிறகு குரல்.

"டேய், சம்பளத்தை ஏத்திச் சொல்லுடா... ஏத்தினதை நான் தர்றேன்!"