அப்பா சொன்னால் சரி

"ஒங்காத்தாளை லொறியில ஏத்துனே, ஒன்னைய இந்த லயத்துல நிம்மதியா நிக்க விட மாட்டேன்டா!"

கம்பளியை உதறிக்கொண்டிருந்த சின்னராசாக் கங்காணிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

விளக்கு வைக்கிற நேரம். தேயிலை மலையின் பனிமூட்டம், லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான அவன் காம்பரா அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. படுக்கையில் கிடந்தது ஆத்தா ராக்காயிதான். அசைந்த வாயும் அவள் வாய்தான். வந்த குரல் மட்டும் ஆம்பிளைக் குரல். தடித்துக் கரகரத்து, கேட்டவன் நெஞ்சுக்கூடு அதிர்கிற குரல். மேல் லயத்தில் ஓயாமல் குரைக்கிற நாய்கூட வாயை மூடிக்கொண்டது.

"யா... யாரு?"

"பெத்தவனையே யாருங்கிறியா? வீரய்யாடா!"

செத்துப்போன அப்பா! சின்னராசா தொப்பென்று தரையில் விழுந்து கும்பிட்டான்.

"ஏங்க, அத்தைக்குக் காய்ச்சல் வேகமா இருக்கும்ங்க" என்றாள் பெண்டாட்டி பூரணி.

"வாயை மூடுடி. எங்கப்பன் வந்திருக்காரு!"

சும்மா சொல்லக் கூடாது, சின்னராசா பாசக்காரன்தான். ஆனால் அந்தப் பாசத்துக்குக் காது கிடையாது. ராக்காயிக்குச் சீனி வியாதி, பிரஷர், இளைப்பு, கால் வீக்கம் என்று உடம்பு முழுக்க வியாதி. தோட்டத்து டாக்டர் ஐயா இராசரத்தினம் மாத்திரை கொடுப்பார். அது போதாதென்று மகன் கினிகத்தேனையில் இருக்கிற சிங்கள நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் போய்க் கசாயமும் வாங்கி வருவான். எல்லாவற்றையும் அவள் தொண்டையில் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. கிழவி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "ஒனக்கு என்னா தெரியும், குடி ஆத்தா" என்பான். அதோடு சரி.

இப்போது டாக்டர் ஐயாவும் அவனும் பேசி, விடிந்ததும் அவளைத் தோட்டத்து லொறியில் ஏற்றி டவுன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவது, இனி அங்கேயே கிடக்கட்டும் என்று முடிவே செய்துவிட்டார்கள். போகப்போகிறவளிடம் ஒரு வார்த்தை? ஊஹூம்!

"கால் வீக்கத்துக்குத் தண்ணி எறங்குற மாத்திரைய அந்தியில குடுக்குறியே! மழையில, இருட்டுல கக்கூசுக்கு எறங்கி அவ எத்தனை தடவ வழுக்கி விழுந்தா, தெரியுமாடா?"

"தெரியாதுங்கப்பா!"

"காலையில குடு. சீனி மாத்திரைய வெறும் வயித்துல குடுத்தா அவளுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. கஞ்சி குடிச்சப்புறம் குடு. அந்தக் கசாயத்தத் தூக்கி வாசல்ல ஓடுற சாக்கடக் கானுல ஊத்து. அதக் குடிச்சாத்தான் மூச்சு முட்டுது."

"சரிங்கப்பா!"

"நூறு வயசு இருக்கணும்னு அவளுக்கு ஆசையில்ல. மூச்சு முட்டாமத் தூங்கணும், தானா எந்திரிச்சு நடக்கணும். சாவு வந்தா இந்த அடுப்படியில வரட்டும். லொறி வேணாம்."

"ஏத்தலைங்கப்பா, சத்தியமா ஏத்தலை!"

குரல் நின்றது. குளிர் மட்டும் நின்றபாடில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பூரணி, தொண்டை வறளுது, கொஞ்சம் சுடுதண்ணி தா" என்றாள் ராக்காயி, தன் பழைய மெல்லிய குரலில்.

காலையில் விஷயத்தைக் கேட்ட டாக்டர் ஐயா முதலில் சிரித்தார்.

"பேயும் மருந்து எழுதுதோ?"

முழுக்கக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கசாயமும் குடுத்தனியோ? கக்கூசு அவ்வளவு தூரமோ? இதெல்லாம் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! பேயெண்டாலும் நியாயமாத்தான் கதைக்குது. ஆஸ்பத்திரியை இப்ப விடு. அது சொன்ன மாதிரியே செய்து பாப்பம்."

செய்தார்கள். கால் வீக்கம் வற்றியது. கிழவி விழவில்லை. இளைப்பு குறைந்து, அடுப்படியில் உட்கார்ந்து பேத்திக்குத் தலை வாரிவிடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். சேதி பரவியது. வெற்றிலையும் கற்பூரமுமாக ஆட்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். "வீரய்யா சாமியாகிட்டாருப்பா" என்று லயமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்தி சாய்ந்தால் அந்தக் காம்பரா வாசலைத் தாண்டிப் போகப் பெரிய ஆம்பிளைகளுக்கே பயம்.

ஒருநாள் டாக்டர் ஐயா அவனைக் கூப்பிட்டார்.

"பிரஷருக்குப் புது மாத்திரை வந்திருக்கு. நல்லது. ஆனா சில பேருக்குத் தலை சுத்தும். வீட்டில கேட்டுக்கொண்டு வா."

சின்னராசா அன்று அந்திக்கே கோழிக்கறி, சாராயம், சுருட்டு எல்லாம் வாங்கி ஆத்தாவுக்கு முன்னால் படைத்தான். கற்பூரத்தைக் கொளுத்தினான். கைகூப்பி மண்டியிட்டான்.

"அப்பா, வாங்கப்பா. டாக்டர் ஐயா புது மாத்திரை தாராராம். தலை சுத்துமாம். குடுக்கவா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

ராக்காயி அவனையே பார்த்தாள்.

"திங்கப்போறவ நான் இருக்கேன். அவரு எதுக்குடா? எங்கிட்டக் கேளு, சொல்றேன்."

"நீ சும்மா கெட ஆத்தா! ஒனக்கு என்னா தெரியும்? அப்பா வரட்டும்."

கற்பூரம் அணைந்தது. மூட்டத்தில் முகம் தெரியவில்லை. கிழவி மூச்சை இழுத்து விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு...

"டேய் சின்னராசா!"

அதே கரகரத்த ஆம்பிளைக் குரல். சின்னராசா குப்புற விழுந்தான்.

"ஒங்கப்பன் கண்ண மூடுனப்ப நீ தொட்டில்ல கெடந்த பச்சப்புள்ளடா. அவரு கொரலு எப்படி இருக்கும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

 இருட்டுக்குள் அந்தக் குரல் கொஞ்சங்கொஞ்சமாக இளைத்து, மெலிந்து, ஆத்தாவின் குரலாகவே ஆனது.

"தாலாட்டி வளத்தது இந்தக் கொரலுடா ராசா. இது சொன்னா மட்டும் ஏன்டா ஒன் காதுல ஏற மாட்டேங்குது?"