ஏழரை சதவீதம்

முப்பத்தேழு மதிப்பெண் குறைவு.

காலையிலிருந்து யோகலட்சுமி அதையேதான் மனசுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள்.

நீட் தேர்வில் தன் மகள் தேவிகாவைவிட முப்பத்தேழு மதிப்பெண் குறைவாக வாங்கிய ஆன் மேரிக்கு மெடிக்கல் சீட். தேவிகாவுக்கு இல்லை.

ஆன் மேரி யாரோ அல்ல. பக்கத்து வீட்டுச் சூசைமேரியின் மகள்.

புதுவயல் ரைஸ்மில் களத்தில் அவித்த நெல் ஆவி பறக்கக் கிடந்தது. யோகலட்சுமி காலால் வரி வரியாகக் கிளறிக்கொண்டே போனாள். பாதம் சுட்டது. அதைவிட வயிறு எரிந்தது.

"என்னக்கா, இனிமே தலைவலின்னா காரைக்குடிக்கு ஓட வேண்டியதில்ல. பக்கத்து வீட்லயே டாக்டரம்மா!" என்றான், எடை போடும் அழகுசுந்தரம்.

"மொத ஊசிய ஒன் வாயில போடச் சொல்றேன்டா," என்று சிரித்தாள். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

ஏழு வருஷம்!

ஏழு வருஷமும் காரைக்குடி இங்கிலீஷ் பள்ளியின் மஞ்சள் வேன் இந்த மில் வாசலில் வந்து நின்றிருக்கிறது. டையும் ஷூவுமாகத் தேவிகா ஏறுவாள். அதே நேரம் ஆன் மேரி ரப்பர் செருப்போடு அரசுப் பள்ளிக்கு நடந்துபோவாள். அந்தப் பிள்ளைமேல் வேன் புழுதி வாரி இறைத்துவிட்டுப் போவதைப் பார்த்த பிறகுதான் யோகலட்சுமி வேலைக்குள் நுழைவாள். அதில் அவளுக்கு அப்படியொரு ருசி.

இப்போது என்னடாவென்றால், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கென்று ஏழரை சதவீத இடமாம். படிப்புச் செலவுகூட அரசாங்கமே பார்த்துக்கொள்ளுமாம்.

இன்னொரு வருஷம் கோச்சிங் அனுப்ப வழியில்லை என்று சொன்னதும் தேவிகா புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

"யோகக்கா!"

சூசைமேரிதான். கையில் இனிப்புப் பெட்டி இருந்தது. களத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக இவளிடம் வந்திருந்தாள்.

"எல்லாம் ஒங்களாலதான்க்கா."

யோகலட்சுமியின் கால் அப்படியே நின்றது.

"புள்ளைக அஞ்சாப்பு முடிச்சப்ப, அந்த இங்கிலீஷ் ஸ்கூல்ல பாதி ஃபீஸுக்கு ஒரே ஒரு எடம் இருக்குன்னாக. எனக்கு லீவு கெடைக்கல. ஆன் மேரியோட அப்ளிகேஷன் பாரத்தையும் ஒங்க கையிலதான குடுத்துவிட்டேன்? வேணாம்னுட்டாகன்னு நீங்க வந்து சொன்னப்ப, மூணு நாளு சோறு எறங்கலக்கா எனக்கு. இப்பப் பாருங்க. அன்னைக்கு மட்டும் அத வாங்கியிருந்தாகன்னா, இன்னைக்கு எம்புள்ளைக்கு இந்தச் சீட்டு ஏது?"

இடுப்புத் துண்டை விலக்கி, பிரிக்காத இன்னொரு பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"வேணாம்னு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான பாத்தீக? இத அவுக கையில குடுத்துருங்கக்கா. நல்லா இருக்கட்டும்."

அந்தப் பாரம் காரைக்குடிக்குப் போகவே இல்லை. யோகலட்சுமி பஸ் ஏறுவதற்கு முன்பே, இதே மில்லின் பாய்லர் அடுப்பில் உமியோடு உமியாக எரிந்துபோயிருந்தது.

"குடுத்துர்றேன் மேரி," என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள்.